கொசுவலை நயினாரும் தூங்கும் கிருமிகளும்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் போய், ஆசிரமத்தைத் தாண்டி, "கொசுவலை நயினார் கடை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட ஆள் முதலில் சிரிப்பான். சிரித்து முடித்த பிறகுதான் கையை நீட்டி வழி காட்டுவான். அப்படி ஒரு பெயர் எடுத்து வைத்திருந்தார் விருசபதாசன்.

ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒல்லியான தேகம், வெள்ளைச் சட்டை, அதிராத பேச்சு. பரம்பரை பரம்பரையாக இந்த மாவட்டத்திலேயே இருக்கும் சமணக் குடும்பம், நயினார் என்பது குலப் பட்டம். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்கமாட்டார். பொய் என்பது அவர் வாயில் வந்ததே இல்லை. இதெல்லாம் அவர் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் உள்ளதுதான். ஆனால் இந்த மனிதர் எதிலும் ஒரு படி ஜாஸ்தி போவார், அதுதான் வம்பு.

"கொசு பேட் இருக்குதுங்களா?" என்று யாராவது கடையில் வந்து கேட்டால் முகம் சுண்டிவிடும்.

"இல்லைங்க. நம்ம கடைல கொலை சாமான் கிடையாது."

"சரி, சுருளாவது குடுங்க."

"அதுவும் கொலைதாங்க. கொஞ்சம் மெதுவா நடக்கும், அவ்ளோதான். வலை வாங்கிக்குங்க. அதுவும் பொழைக்கும், நீங்களும் பொழைப்பீங்க."

இப்படிப் பேசினால் வியாபாரம் எங்கே உருப்படும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தப் பேச்சுதான் பிடித்திருந்தது. வலையோடு அகிம்சையும் சேர்ந்து கிடைக்கிறதே என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே கடை ஓடியது, மனிதரும் திருந்தவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். வலைக்குள் ஒரு கொசு மாட்டிக்கொண்டால், ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, கல்யாணப் பத்திரிகையைக் கீழே செருகி, ஜன்னல்வரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு வருவார்.

"அது திரும்ப அதே ஜன்னல் வழியா உள்ளதான் வரும்" என்பாள் அவர் மனைவி கனகமாலா.

"வரட்டும். அது அதோட பொழப்பு."

கனகமாலாவும் நோன்பு, விரதம் எல்லாம் தவறாதவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு வழி இருந்தது. கையில் விசிறியை வைத்துக்கொண்டு கொஞ்சம் பலமாக வீசுவாள். "விசிறினேன். அதுவா வந்து வுழுந்துச்சு" என்பாள். அந்த சாமர்த்தியம் அவருக்கு வாய்க்கவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் சுருதியைச் சென்னையில் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. அதை முடித்து, அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர இவர்கள் இருவரும் போனார்கள். மாப்பிள்ளை வீரேந்திரன் நல்ல பிள்ளை. சாயங்காலம் மொட்டைமாடியில் காற்றாட உட்கார்ந்த மாமனாருக்கு, கொசு மொய்க்கிறதே என்று, கரிசனமாக ஒரு பேட்டைக் கொண்டுவந்து நீட்டினான். பாவம், அவன் என்ன கண்டான்!

"வேணாம் மாப்பிள்ளை. ரத்ததான முகாம்ல பை பையா குடுக்கறோம். இதுங்களுக்கு ரெண்டு சொட்டு குடுத்தா கொறைஞ்சா போயிடும்?" என்று சொல்லி, முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

குடித்தவை சும்மா போகவில்லை, கைமாறு செய்துவிட்டுத்தான் போயின.

மகளோடு ஊர் திரும்பி இரண்டு வாரம் இருக்கும். ஒரு மத்தியானம் திடீரென்று குளிர் பிடித்தது. மூன்று போர்வை போட்டும் பல் தந்தியடித்தது. கட்டில் ஆடிய ஆட்டத்தில் வலைக் கயிறு அறுந்து விழுந்தது. பிறகு காய்ச்சல் கொதித்தது, பிறகு வியர்த்து ஊற்றியது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்துகொண்டார். மறுநாள் கடைக்குப் போனார். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்குக் குளிர் மறுபடி வந்தது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் மொறை வெச்சிகினு வருது. கஷாயத்துக்கெல்லாம் இது அடங்காதுங்க, கெளம்புங்க" என்று கனகமாலா ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்தார்கள். மலேரியா என்று வந்தது.

கொசுவலை விற்கிறவருக்கே மலேரியா! ஆசிரமத்து வாசலிலிருந்து அடி அண்ணாமலைவரை சேதி ஓடியது. எதிர் டீக்கடை முருகவேல், "நயினாரே, அவ்ளோ வலை வித்தீங்களே, ஒண்ணை மாட்டிக்கிறதுக்கு இன்னா?" என்று கேட்டு, அன்று டீ குடிக்க வந்த அத்தனை பேரையும் சிரிக்கவைத்தான்.

அடுத்த நாளே சுகாதார ஆய்வாளர் சுரேஷ்குமார் வீட்டுக்கு வந்துவிட்டார். கீழ்பென்னாத்தூர்க்காரர். கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன மனிதர். ஒரு வீட்டில் மலேரியா என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார்கள். கனகமாலாவுக்கும் சுருதிக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆனால் மாடித் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்த சுரேஷ்குமார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார்.

"ஐயா, இதுல கொசுப்புழு வளர்க்கறீங்களா?"

"வளக்கலைங்க. எங்க வழக்கம் அது. தண்ணிய வடிகட்டினா துணியில தங்கற ஜீவனை எடுத்த எடத்துலயே திருப்பி விட்டுடணும்."

"தெனமுமா?"

"தெனமுந்தாங்க. அலசி, பதமா விடுவேன்."

சுரேஷ்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். தொட்டியில் மருந்து ஊற்றலாம் என்றார். கூடாது என்றார் விருசபதாசன். சரி, புழு தின்னும் மீன் நாலு தருகிறேன், விடுங்கள் என்றார்.

"மீனை வெச்சிக் கொன்னா மட்டும் பாவம் மீனுக்கா போவும்? கூலிக்கு ஆள் வெச்சவனைத்தானே புடிப்பாங்க?"

கடைசியில் தொட்டியைக் கழுவிக் காயப்போட்டு, கடையிலிருந்தே நல்ல வலையாகக் கொண்டுவந்து வாயில் இறுக்கிக் கட்டுவதென்று சமாதானம் ஆயிற்று. கழுவுகிற வேலையைக் கனகமாலா ஏற்றுக்கொண்டாள். "தண்ணிதான் ஊத்தினேன். அதுங்களா போயிடுச்சிங்க" என்று அதற்கும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள்.

பிறகு சுரேஷ்குமார் மாத்திரைகளை எடுத்து வைத்தார். இங்கேதான் அவர் ஒரு வார்த்தை ஜாஸ்தி பேசிவிட்டார். கொடுத்தோமா, போனோமா என்று இருந்திருக்கலாம். எல்லோருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்லவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது, மனிதர் எடுத்துச் சொன்னார்.

"இந்தப் பெரிய மாத்திரை மூணு நாளைக்கு. ரத்தத்துல ஓடற கிருமியைக் கொல்லும். இந்தச் சின்ன மாத்திரை பதினாலு நாளைக்கு. இதை விட்டுடாதீங்க. உங்களுக்கு வந்திருக்கற ஜாதிக் கிருமியில கொஞ்சம் போயி ஈரல்ல படுத்துத் தூங்கும். அதுங்களைத் தூக்கத்துலயே தீத்துக்கட்டறது இந்த மாத்திரைதான்."

விருசபதாசன் முகம் வெளுத்தது. "தூங்கறதையா?"

"ஆமாங்கய்யா. தூங்கறதைத்தான்" என்று சொல்லிவிட்டு சுரேஷ்குமார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்று முழுக்க மனிதர் மனத்துக்குள் கோர்ட்டு நடந்தது. வாதியும் அவரே, வக்கீலும் அவரே, ஜட்ஜும் அவரே. அவர் கற்ற தர்மத்தில் இல்லறத்தானுக்குச் சில சலுகைகள் உண்டு. மேலே பாய்ந்து வருகிறவனைத் தடுக்கலாம், அதில் உயிர் போனாலும் பெரிய தோஷமில்லை. உட்கார்ந்து திட்டம்போட்டுக் கொல்வதுதான் மகா பாவம். ரத்தத்தில் ஓடுகிற கிருமி அடிக்க வந்த ஆள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஈரலில் படுத்துத் தூங்குகிறதே, அது யாரை என்ன செய்தது? தூங்குகிறவன் கழுத்தில் கத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

தீர்ப்பு ஆயிற்று. பெரிய மாத்திரையை மூன்று நாளும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றையும் விழுங்குமுன் கண்ணை மூடிக் கைகூப்பி, சாகப்போகிற உயிர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சின்ன மாத்திரையை, கடையில் போட்டுக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லாமல், எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் மேஜை இழுப்பறையின் மூலையில் வைத்துவிட்டார். கனகமாலா கேட்கவில்லை. பொய்யே சொல்லாத மனுஷனை யார் போய்ச் சோதிப்பார்கள்?

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதை நிறுத்திவிட்டார், ஈரல் அந்தப் பக்கம்தானே. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அடக்கினார். குழம்பில் காரத்தைக் கம்மி பண்ணச் சொன்னார். ஆட்டோ குழியில் இறங்கி ஏறினால், வலக்கையை விலாவில் வைத்து அணைத்துக்கொண்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி சுருதிகூட அவ்வளவு ஜாக்கிரதையாக நடக்கவில்லை.

"என்னப்பா, எனக்கு ஒம்பதாம் மாசம், நீங்க இன்னாத்துக்கு இப்படி மெதுவா நடக்கறீங்க?" என்று சுருதியே கேட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டதுமல்லாமல், அதற்குத் தாலாட்டும் பாடிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

தூங்கியவை ஒருநாள் எழுந்தன.

கடையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடை வலை பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷத்தில் ஆறு மாதம் ஆசிரமத்துப் பக்கமே அறை எடுத்துத் தங்குகிறவள், ஓரளவு தமிழ் பேசுவாள். வலையை விரித்து, உள்ளே சம்மணம்போட்டு உட்கார்ந்து, இடம் எவ்வளவு தாராளம் என்று காட்டுவது விருசபதாசனின் வழக்கம். அப்படி உட்கார்ந்தவருக்கு முதுகுத்தண்டில் ஒரு சில்லிப்பு ஏறியது. கை நடுங்கியது, தாடை ஆடியது, கண் செருகியது. வலை மொத்தமும் கிடுகிடுவென்று ஆடியது.

அந்த அம்மாள் ஓர் அடி பின்வாங்கினாள். பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்து கைகூப்பினாள்.

"சக்தி" என்றாள் தழுதழுத்து.

"போ... போ... போர்வை" என்றார் விருசபதாசன்.

அவளுக்கு அது மந்திரம்போலக் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். ரோட்டில் போன அவள் சிநேகிதர்கள் இரண்டுபேர் எட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவர் பூ எடுத்து வலைமேல் வைத்தார். நல்லவேளை, டீக்கடை முருகவேல் நிமிர்ந்து பார்த்தான்.

"அய்யய்யோ, அது சாமி இல்லம்மா, மலேரியா!" என்று கத்திக்கொண்டே ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, வலையைத் தூக்கி, ஆளை வாரி ஆட்டோவில் போட்டான். அந்த அம்மாள் நெடுநேரம் நம்பவில்லையாம்.

மறுபடி விரலில் குத்து, மறுபடி கண்ணாடித் தகடு, மறுபடி மலேரியா. மறுநாள் காலை சுரேஷ்குமார் வந்து நின்றார். கனகமாலாவும் சுருதியும் பக்கத்தில் இருந்தார்கள்.

"சின்ன மாத்திரை முழுசும் போட்டீங்களாய்யா?"

பொய் சொல்லாத வாய். "போடலைங்க."

"ஏன், வாந்தி வந்துச்சா?"

"இல்லைங்க. தூங்கறதை எழுப்பாம கொல்றது..." என்று ஆரம்பித்து, தன் கோர்ட்டு, வாதம், தீர்ப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கனகமாலா வாயைப் பிளந்தபடி நின்றாள்.

சுரேஷ்குமாருக்கு வந்த கோபத்தில் கட்டின தொண்டையும் திறந்துகொண்டது. "உங்க மேல கோவப்படறதா, கும்புடறதான்னே தெரியலய்யா! கொசு கெட்டது, கொசு கெட்டதுன்னு ஊரே சொல்லுது. கொசுவுக்கு இந்த நோய் எங்கேர்ந்து வருது தெரியுமா? உங்கள மாதிரி ஆளைக் கடிச்சுத்தான் வருது. இப்ப அதுக்கு நோயைக் குடுக்கறதே நீங்கதான்!"

இந்த ஒரு அடி போதுமாயிருந்தது. விருசபதாசன் ஆடிப்போனார். இத்தனை வருஷம் விருந்து வைக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தார், வைத்ததெல்லாம் விஷமா!

ஆனால் சுரேஷ்குமார் அதோடு நிறுத்தவில்லை. "அந்தக் கொசு நேரா வந்து உங்க பொண்ணைக் கடிக்கும். மாசமா இருக்கறவங்களுக்கு மலேரியா வந்தா தாய்க்கும் ஆபத்து, வயித்துல இருக்கற புள்ளைக்கும் ஆபத்து. புள்ளத்தாச்சிக்கு அந்தச் சின்ன மாத்திரையக் குடுக்கவும் முடியாது. ஜுரம் வந்து எத்தினி நாளாச்சு?"

"ஜுரம் நேத்துதாங்க. ஆனா நாலஞ்சு நாளாவே உடம்பு வலி..."

"நாலஞ்சு நாளா! தங்கச்சி, கையக் குடும்மா." சுருதியின் விரலில் ஊசி குத்தினார். ஒரு சொட்டு சிவப்பாக எழும்பியது. அதைப் பார்க்க முடியாமல் விருசபதாசன் சுவரைப் பார்த்துக்கொண்டார். "சாயங்காலம் ரிசல்ட்டு சொல்றேன்" என்று சுரேஷ்குமார் பெரிய மாத்திரையை மறுபடி கொடுத்துவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கனகமாலா பேசாமல் இருந்தவரை நன்றாக இருந்தது. பிறகு பேசினாள்.

"ஈரல்ல தூங்கறது உங்களுக்குத் தெரிஞ்சுது. எம்பொண்ணு வயித்துல ஒண்ணு தூங்குதே, அது தெரியலையா? அது யாருக்கு இன்னா பண்ணுச்சு? அதுக்கு வாதாட உங்க கோர்ட்டுல ஒரு வக்கீல் இல்லாம போயிட்டானா?"

விருசபதாசன் காய்ச்சல் உடம்போடு எழுந்து, ஒரு கட்டில் வலையைக் கட்டிக்கொண்டு அதற்குள் போய் உட்கார்ந்தார். ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி, இடுக்கு இருக்கிறதா என்று நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு விற்ற வலைதான். ஆனால் கொசுவைத் தன்னிடமிருந்து காப்பாற்ற வலை கட்டிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. சுருதியை வேறு அறைக்கு அனுப்பி, ஜன்னல் கதவெல்லாம் சாத்தச் சொன்னார். அவள் கட்டிலுக்கு வலைமேல் வலையாக இரண்டு போடச் சொன்னார். மூச்சு முட்டுகிறதப்பா என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மத்தியானம் இருப்புக்கொள்ளவில்லை. வலைக்குள்ளிருந்தே, "கனகா, போன் அடிச்சுதா?" என்றார். அடிக்கவில்லை. "சத்தத்தைக் கம்மியா வெச்சிருக்கியா, பாரு." பார்த்தாகிவிட்டது. "அவரு நம்பர் சரியா இருக்குதா?" கனகமாலா போனை வலைக்கு வெளியே அவர் கண்ணெதிரிலேயே வைத்துவிட்டாள். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. நெஞ்சு முழுக்கச் சுருதிதான், அவள் வயிற்றுப் பிள்ளைதான். எனக்கு வேண்டுமானால் நூறு முறை வரட்டும், அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னார்.

பொழுது இறங்குகிற நேரத்தில் போன் வந்தது. கனகமாலா காதில் வைத்துக் கேட்டாள். "ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்குதாம்" என்று சொல்லிவிட்டு, அழக்கூடாது என்று நினைத்தும் அழுதாள். அழுதபடியே சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீரும் இரண்டு விதமான மாத்திரையும் கொண்டுவந்து, வலையைத் தூக்கி நீட்டினாள். முருகவேலை விட்டுக் கடை இழுப்பறையிலிருந்து எடுத்துவரச் சொன்ன சின்ன மாத்திரை அது.

"ஆரம்பிங்க. மொதல்ல மன்னிப்புக் கேக்கணுமே உங்க ஆளுங்ககிட்ட? கேளுங்க, நிக்கறேன்."

விருசபதாசன் இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். கண்ணை மூடவில்லை, கைகூப்பவும் இல்லை. வலையைவிட்டு இறங்கி, தள்ளாடிக்கொண்டு அடுத்த அறை வாசலுக்குப் போனார். உள்ளே நுழையவில்லை. நிலைப்படியிலேயே நின்று, இரட்டை வலைக்குள் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கும் உன் வயித்துல இருக்கற ஜீவனுக்கும் கெடுதல் பண்ணிட்டேம்மா. மன்னிச்சுடு."

எத்தனையோ பூச்சி புழுவிடம் அவர் சொல்லிய வார்த்தைகள்தான். மகளிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சுருதிக்கும் கண் நிறைந்தது, ஆனால் அவள் அம்மாவின் பெண்.

"நான் கொசு இல்லப்பா, சும்மா மன்னிக்கறதுக்கு. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேம்மா."

"வாயத் தொறங்க, பாக்கறேன்."

ஊரே நம்புகிற மனிதர், ஒரு பொய்கூடச் சொல்லாதவர், வாசலில் நின்றபடி வாயைத் திறந்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார்.

"ம். போயி வலைக்குள்ள படுங்க. நாளைக்கும் வந்து காட்டணும்."

கடைசி மாத்திரைவரைக்கும் தினமும் வந்து காட்டினார்.